ஆறு முட்டை, ப்ளம் ஜாம்

ரெட்கிளே துறைமுகம், விஸ்கான்சின்
11 மே 1986

அன்புள்ள அக்கா ஆர்டிஸுக்கு,

லைல் எழுதிக்கொள்வது. நானும் பெர்னடினும் சுகம். ஏரியின் அந்தக் கரையில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாள் முழுக்க நிற்க வைத்துவிடுவார்கள். வெட்கப்படாமல் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள்.

இங்கே இரண்டு வாரமாக மீன்பிடிச் சவாரி நடக்கிறது. முதல் சவாரிக்கு வந்த சிகாகோக்காரர்கள் ஆறு பேரில் நாலு பேர் துறைமுகம் தாண்டும் முன்பே வாந்தி எடுத்தார்கள். மீதி இரண்டு பேரும் ஆளுக்கு ஐந்து ட்ரவுட் மீன் பிடித்து, அந்த நாலு பேரையும் வழி நெடுகக் கேலி செய்தார்கள்.

காலை ஐந்து மணிக்குச் சமையலறையில், படகுகளோடு பேசும் வானொலி முன்னால் நீ உட்கார்ந்த நாற்காலியில் இப்போது பெர்னடின் உட்காருகிறாள். கல்யாணமாகி நாலு மாதத்தில் அவளுக்கு இந்தத் தலைவலி. "கொப்பரை அடுப்புல இருக்கா?" என்று கேட்டுப் படகுகளை ஆஜர் எடுப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. நம் குழுவின் ஐந்து படகும் வரிசையாக "இருக்கு" என்று சொல்லி முடித்ததும் எங்களுக்கு நன்றி வேறு சொல்கிறாள். பதினாறு வருஷத்தில் நீ ஒருநாள் நன்றி சொன்னதுண்டா? தன் படகில் இருந்த வெண்டெல் சிரித்துச் சிரித்துக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

ஜாம்தான் அவளைக் குழப்புகிறது. போன செவ்வாய் நான் "மூணு முட்டை, ஆப்பிள் ஜாம், மிளகு" என்று சொல்ல, அவள் மற்றவர்களுக்குச் செர்ரி ஜாம் என்று சொல்லி மூன்று படகை நடு ஏரிக்கு அனுப்பிவிட்டாள். அதனால் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன். முட்டை ஒன்றுக்குப் பத்தடி ஆழம். ஆப்பிள் வடக்கு, ப்ளம் தெற்கு, செர்ரி கிழக்கு. உப்பு என்றால் சால்மன், மிளகு என்றால் ட்ரவுட்.

இன்னொன்று. நம் குழுவில் இல்லாத எல்ராயின் பெரிய படகு இரண்டு முறை நாங்கள் மீன் கண்ட இடத்துக்கே நேராக வந்து நின்றது. தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவன் மூக்குக்கு மீன் வாடை தெரிந்த சரித்திரமே கிடையாது, உனக்குத் தெரியாததா?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி
லைல்


ப்ளம் பாயின்ட், மிச்சிகன்
20 மே 1986

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. முழங்கால் பழகிவிட்டது. ஸ்டூல் கேட்டேன், கேட்டதற்கே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இங்கே செர்ரி பூத்து ஊரே வெள்ளையாக இருக்கிறது. விடியும்போது கரைக்கு நடந்து போய் நிற்கிறேன். அறுபது மைலுக்கு அப்பால் உன் படகு தெரியாது என்று தெரியும். பழக்கம், வேறென்ன.

பெர்னடினைக் கேலி செய்யாதே. ஆனால் அந்தத் தாளை முதலில் கிழித்துப் போடு. அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கிற சமாச்சாரமா அது? பால்காரன் முதல் பாதிரியார் வரை நம் சமையலறைக்கு வராத ஆள் யார்?

எல்ராய் எந்தத் தேதியிலிருந்து வருகிறான்? சும்மாதான் கேட்கிறேன். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

கழுத்தில் துணி சுற்றாமல் ஏரிக்குள் போகாதே.

அக்கா
ஆர்டிஸ்


ரெட்கிளே துறைமுகம்
8 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் கொதிக்கிறது.

தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பெர்னடினுக்கு இப்போது ஜாமெல்லாம் மனப்பாடம். அதனால் என்ன பயன்? பதினொரு சவாரியில் ஏழு முறை எல்ராய் வந்துவிட்டான். நான் வாயைத் திறந்து அரை மணி ஆவதில்லை, அந்தப் படகு எங்கள் நடுவில் புகுந்து நிற்கிறது. நேற்று என் மூன்று தூண்டில் கயிறும் அவனுடையதில் சிக்கிக்கொண்டு, பதினைந்து ராத்தல் சால்மன் ஒன்று சிகாகோ டாக்டர் கண் முன்னால் அறுத்துக்கொண்டு போனது. "கேப்டன், நீங்க கூப்பிட்டுத்தான் அவர் வர்றாரா?" என்று அந்த மனுஷன் என்னையே கேட்கிறார்.

தேதி கேட்டாயே. டைரியைப் பார்த்தேன். ஏப்ரல் கடைசி ஞாயிறு, பெர்னடின் வானொலியில் உட்கார்ந்த முதல் நாள். அதற்கு முன் பதினாறு வருஷம் அவன் எங்கள் மீன் மேல் ஒரு தடவைகூட வந்ததில்லை. நாங்கள் தெற்கே என்றால் அவன் வடக்கே. அதை நினைத்தால் இப்போது அதுவே விசித்திரமாக இருக்கிறது.

யாரோ நம் ரகசியப் பேச்சை அவனுக்கு விற்றிருக்கிறார்கள். ஐந்து படகுக்காரர்கள், பெர்னடின், நீ. இவ்வளவுதான் கணக்கு. என் வாயால் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: போன வியாழன் டீசல் போடும் இடத்தில் வெண்டெல் எல்ராயோடு நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "என்னடா பேச்சு?" என்று கேட்டேன். "ஏரி எல்லாருக்கும் பொதுதானே, லைல்" என்றான். நான் கேட்டதற்கு இதுவா பதில்?

நீ யாரிடமாவது சொன்னாயா, அக்கா? கேட்கவே கூசுகிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

லைல்


ப்ளம் பாயின்ட்
1 ஜூலை 1986

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே இரண்டு பேர் விடுப்பில் போய்விட்டார்கள், தலைக்கு மேல் வேலை. சளி வேறு பிடித்திருந்தது. இப்போது தேவலாம். நீங்கள் இருவரும் சுகம்தானே?

நீ கேட்டதற்குப் பதில்: உன் கையில் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை அந்தப் பேச்சை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன்.

வெண்டெலைப் பற்றி அப்படி நினைக்காதே. 78 ஏப்ரலில் நீ தண்ணீரில் விழுந்தபோது பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குதித்தவன் அவன். ஒருவரோடு நின்று காபி குடிப்பது குற்றமென்றால் ரெட்கிளேயில் பாதிப் பேரைத் தூக்கில் போட வேண்டும். பெர்னடினுடைய சித்தப்பா மகள் எல்ராயின் தூண்டில் கடையில் வேலை பார்க்கிறாள் அல்லவா? சந்தேகப்பட வேண்டுமென்று முடிவு கட்டிவிட்டால் எங்கேயும் படலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்ராயின் மனைவி ஜாய்ஸுக்குக் கண் ஆபரேஷன் ஆனதாகக் கேள்விப்பட்டேன். எப்படி இருக்கிறாள்?

அக்கா


ரெட்கிளே துறைமுகம்
9 ஜூலை 1986

அக்கா,

உன் சளி குணமானதில் சந்தோஷம். ஆனால் பெர்னடினை இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டு அவள் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். ஒரு தட்டு உடைந்தது. அவளுக்கும் அந்தச் சித்தப்பா மகளுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போதுமா?

இனி யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆளைப் பிடித்துவிட்டேன்.

போன வியாழன் நானும் வெண்டெலும் மட்டும்தான் ஏரியில் இருந்தோம். மற்ற மூன்று படகுக்கும் சவாரி இல்லை, அவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெர்னடினை வானொலியை நிறுத்திவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டேன். தெற்கே நின்றுகொண்டு வெண்டெலைக் கூப்பிட்டு, "ஒன்பது முட்டை, ஆப்பிள் ஜாம், உப்பு தூக்கல்" என்றேன். சுத்தப் பொய். வடக்கே ஒரு குஞ்சு மீன்கூடக் கிடையாது. வெண்டெல் ஒருவனுக்கு மட்டும் சொன்ன வார்த்தை அது. இருபது நிமிஷம், அக்கா. இருபதே நிமிஷத்தில் எல்ராயின் படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு வடக்கே ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. சிகாகோக்காரர்கள் முன்னால் சூரியன் கண்ணில் குத்துகிறது என்று சமாளித்தேன்.

இருபதாம் தேதி ஞாயிறு, தேவாலய விருந்துக்குக் கொப்பரையில் பூயா சூப் காய்ச்சுகிறோம். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் ஐந்து பேரும் கொட்டகைக்குப் பின்னால் உட்காருவோம். நம் குழுவின் அடையாளமாக நீ தைத்துக் கொடுத்த சிவப்புத் துணித் துண்டு இனி வெண்டெலின் கம்பத்தில் பறக்காது.

லைல்


ப்ளம் பாயின்ட்
14 ஜூலை 1986

தம்பி,

பெர்னடினிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அது சின்னத்தனம். எழுதும்போதே தெரியும், தெரிந்தும் தபாலில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்யாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நீ வைத்த பொறியில் ஓட்டை இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் உனக்கே தெரியும்.

எனக்கு ஒரு வாரம் கொடு. எழுதுகிறேன்.

அக்கா


ரெட்கிளே துறைமுகம்
22 ஜூலை 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. ஓட்டை என்று எழுதினாய், எங்கே என்று எழுதவில்லை. உனக்கு வெண்டெலைச் சின்ன வயதிலிருந்து பிடிக்கும். அந்தப் பாசத்தில் எழுதியிருக்கிறாய் என்று மடித்து வைத்துவிட்டேன்.

முடிந்துவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். மற்ற மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு கை தூக்கினார்கள். வெண்டெல் கோபப்படவே இல்லை. என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நீ வானொலியில சொன்னதை நான் எதுக்குடா போய்ச் சொல்லணும்?" மழுப்புகிறான் என்று விட்டுவிட்டோம். பிறகு படகுக்குப் போனோம். துண்டை அவனே அவிழ்த்துக் கொடுத்தான். இப்போது நம் சமையலறை ஆணியில் தொங்குகிறது.

மறுநாளிலிருந்து அவன் தனியாகப் போகிறான், வானொலியை அணைத்துவிட்டு. நேற்று மூடுபனியில் நான்கு மணி நேரம் அவன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன். ஆனாலும் அவன் கரை சேரும்வரை டீசல் போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதே.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்ராய் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறான்.

லைல்


ரெட்கிளே துறைமுகம்
27 ஜூலை 1986

மரியாதைக்குரிய ஆர்டிஸ் அக்காவுக்கு,

வெண்டெல் எழுதுவது. உங்கள் உடல்நலம் அறிய ஆவல். நாங்கள் வீட்டில் எல்லாரும் சுகம்.

எனக்கு எழுத வராது, உங்களுக்குத் தெரியும். லைல் எழுதியிருப்பான். நான் புகார் சொல்ல வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் கொதித்திருப்பேன்.

அவன் அந்தப் பொய்யை எனக்கு வானொலியில்தான் சொன்னான். வானொலி எனக்கு மட்டுமா காது வைத்திருக்கிறது? ஏரியில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். இத்தனை வருஷம் நம் பேச்சு நாலு சுவருக்குள் நடக்கிற மாதிரி நினைத்துக்கொண்டோம். எல்ராய்க்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கே புரிகிறது. டீசல் போடும் இடத்தில் அன்று அவனிடம் அதைத்தான் கேட்டேன். "ஏரி எல்லாருக்கும் பொதுதானே" என்றான். லைல் வந்து கேட்டபோது நான் அதையே திருப்பிச் சொன்னேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் உங்களிடம் வந்து முடிந்திருக்கும்.

எழுபதில் ஒரு மாலை ஆறு மணிக்குத் தெற்கு அலைத்தடுப்பில் நான் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அது என் வாயால் வர வேண்டிய விஷயம் இல்லை.

ஒன்று மட்டும். என் சின்ன மகள் கேட்கிறாள், "அப்பா, நம்ம கம்பத்துல துணி ஏன் இல்ல?" காற்றில் போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வணக்கத்துடன்
வெண்டெல்


ப்ளம் பாயின்ட்
5 ஆகஸ்ட் 1986

அன்புத் தம்பி லைலுக்கு,

இதை உட்கார்ந்து படி. பெர்னடினும் பக்கத்தில் இருக்கட்டும், அவளும் கேட்க வேண்டியதுதான்.

உன் கையில் கொடுத்த நாளிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் உன் கையில் கொடுக்கும் முன்பே அந்தப் பேச்சு இன்னொருவனுக்குத் தெரியும். அவனும் நானும் சேர்ந்து உண்டாக்கியதுதான் அது.

அறுபத்தொன்பதில் எல்ராய் அவன் அப்பாவின் வலைப்படகில் போய்க்கொண்டிருந்தான். நான் நம் சமையலறை வானொலியில் அப்பாவுக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரே கேட்கிற இடத்தில் இரண்டு பேர் என்ன பேச முடியும்? சமையல்தான் பேசினோம். முட்டை என்றால் மணி. ப்ளம் ஜாம் என்றால் தெற்கு அலைத்தடுப்பு, ஆப்பிள் ஜாம் என்றால் வடக்கே தோட்டத்துப் பக்கம். உப்பு என்றால் வருகிறேன். மிளகு என்றால் இன்று முடியாது. "ஆறு முட்டை, ப்ளம் ஜாம், உப்பு" என்று அவன் சொன்னால், அவன் அம்மாவுக்காகக் கடைச் சாமான் சொல்கிறான் என்று அப்பா நினைத்துக்கொள்வார்.

பிறகு வலைக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் சண்டை மூண்டது. நம் அப்பாவும் அவன் அப்பாவும் துறைமுகத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா போன பிறகு உனக்கு யார் மூலமோ விஷயம் தெரிந்தது. "அவனா, நானா? இப்பவே சொல்லு" என்று கேட்டாய். உனக்கு இருபத்திரண்டு வயது. உனக்கு என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் உன்னைச் சொன்னேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை, ஆனால் நீ என்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, லைல். இதை ஒருமுறையாவது உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று பதினாறு வருஷமாக இருந்தேன்.

அந்தக் கோடையில்தான் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்தீர்கள். ரகசியப் பேச்சு ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றாய். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வீணாகப் போக வேண்டாம் என்று தோன்றியது. மணியை அடியாக மாற்றினேன், இடத்தைத் திசையாக மாற்றினேன், கொடுத்துவிட்டேன். எல்ராய் கேட்பானே என்று அப்போது நினைக்கவே இல்லை, நம்பினால் நம்பு.

இரண்டே நாளில் அவனுக்குப் புரிந்துவிட்டது. கடைத் தெருவில் என்னைப் பார்த்து, "நம்ம பேச்சையே அவனுக்குக் குடுத்துட்டியா?" என்றான். பிறகு, "அந்தச் சமையலறையில உன் குரல் கேக்குற வரைக்கும், நீ சொல்ற மீன் மேல என் படகு வராது" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த வருஷம் ஜாய்ஸைக் கட்டினான். நல்ல பெண். அவர்கள் கல்யாணத்துக்கு நான்தான் பூயா காய்ச்சினேன்.

நீங்கள் தெற்கே என்றால் அவன் வடக்கே போனான் என்று எழுதினாயே, அது விசித்திரம் இல்லை. பதினாறு வருஷம் தினமும் நான் ஜன்னலில் பார்த்தேன். ஏப்ரலில் என் குரல் நின்றது. அவன் சொன்ன சொல்லும் அன்றோடு முடிந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தேதியை நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டு மாதம் சளி என்றும் வேலை என்றும் எழுதினேன். ஜாய்ஸை நினைத்துப் பயந்தேன். உன்னை நினைத்து இன்னும் பயந்தேன். அதற்குள் வெண்டெலின் துண்டைக் கம்பத்திலிருந்து இறக்கிவிட்டீர்கள். அவனுக்கு எல்லாம் தெரியும், லைல். எழுபதிலிருந்தே தெரியும். என் பெயர் வெளியே வரக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு துண்டைக் கொடுத்திருக்கிறான்.

எல்லார் முன்னாலும் சொல். என் பெயரைச் சொல். எல்ராயின் பெயர் வேண்டாம், ஜாய்ஸுக்காக. இனி என்னை அக்கா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். வெண்டெலை மட்டும் விட்டுவிடாதே.

ஆர்டிஸ்


ரெட்கிளே துறைமுகம்
2 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்காலுக்குப் பெர்னடின் ஒரு களிம்பு அனுப்புகிறாள், இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. நாற்றம் சகிக்காது, ஆனால் கேட்கும் என்கிறாள்.

நாலு வாரம் பதில் போடாமல் இருந்தேன். முதல் வாரம் உன் மேல் கோபம். இரண்டாவது வாரம் எல்ராய் மேல். மூன்றாவது வாரம் கோபப்பட ஆள் தீர்ந்துபோய் நான் மட்டும் மிஞ்சினேன். உன்னிடம் அன்று கேட்ட மாதிரியேதான் வெண்டெலையும் நிற்க வைத்திருக்கிறேன். அப்போது இருபத்திரண்டு வயது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது என்ன சொல்லிக்கொள்வது?

பதினாறு வருஷம், அக்கா! தினமும் விடிந்ததும் விடியாததுமாக, தொண்டை கிழிய, ஏரி முழுக்கக் கேட்கும்படி, உன் மாலை நேரத்துப் பேச்சை நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் அந்த மனுஷன் காதில் விழும்படி. இதைச் சொன்னபோது பெர்னடின் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் அழுதுவிட்டாள். "அக்காவை நாமதான் இந்த நாற்காலியில இருந்து எழுப்பிட்டோம்" என்கிறாள்.

வெண்டெல் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை புல் வெட்டும் எந்திரத்தை நிறுத்தவே இல்லை, என்னைச் சுற்றி வெட்டிக்கொண்டு போனான். இரண்டாவது முறை அவன் மனைவி வாசலோடு அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை கதவுக்கு வெளியே நின்றபடியே, "தப்பு என்னுது. நாளைக் காலையில அஞ்சு மணிக்கு வானொலியைப் போடு, போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்விட்டு அவமானப்படுத்தியதை வாய்விட்டுத்தானே எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை. ஏரி தட்டு மாதிரி கிடந்தது. எல்ராய் எங்களுக்கு அரை மைல் தள்ளி நின்றான். பெர்னடின் கூப்பிடும் முன்பே நான் பேசினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "லைல் பேசுறேன். எல்லாரும் கேளுங்க, எங்க குழுவில இல்லாதவங்களும் கேளுங்க. இந்தச் சமையல் பேச்சை வெண்டெல் யாருக்கும் சொல்லல. இது எங்க அக்கா ஆர்டிஸ் உண்டாக்கினது. எங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே இது வெளியில இருந்துச்சு. தெரியாம நான் ஒரு நல்ல மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேன். இன்னையிலேருந்து ரகசியம் கிடையாது. சால்மன் தெக்கே மூணாவது மைல்ல, எழுபது அடியில இருக்கு, தூண்டில்ல பச்சைத் தகடு போடுங்க. யார் வேணா வாங்க."

ஒரு நிமிஷம் வானொலியில் இரைச்சல் மட்டும். அப்புறம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்ராயின் ஆட்கள் தூண்டில்களைச் சுருட்டினார்கள். படகு வடக்கே திரும்பியது. நான் மீன் இருக்கிற இடத்தைத் தாராளமாகச் சொல்லி, வா என்று கூப்பிட்ட பிறகு, அவன் வடக்கே போகிறான்! அன்றிலிருந்து பத்து நாளாக எங்கள் மீன் மேல் வரவில்லை. உன் குரல்கூட வேண்டியிருக்கவில்லை, அக்கா. பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். நீ தெரிந்துகொள்ள வேண்டியது என்று தோன்றியது.

பெர்னடின் வழக்கம்போல் ஆரம்பித்தாள். "கொப்பரை அடுப்புல இருக்கா?" நாலு படகும் சொன்னோம். நான்கோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். நான் சொல்லிக்கொடுக்காமலே, "வெண்டெல்?" என்றாள். பதில் இல்லை. மறுபடி, "வெண்டெல், கொப்பரை அடுப்புல இருக்கா?" நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் அந்தக் கரகரப்புக் குரல் வந்தது: "இருக்கு. ஆனா லைலைக் கிளற விடாதீங்க."

பேசுகிறான், அவ்வளவுதான். கரையில் என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான். துண்டை எடுத்துக்கொண்டு அவன் படகுக்குப் போனேன். கையால் தொடவில்லை. "தைச்சவங்க வந்து கட்டினா கட்டிக்கிறேன்" என்றான். அவன் சின்ன மகள் படகில் நின்று என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். காற்றில் போனது எப்படித் திரும்பி வந்தது என்று அவளுக்கு யார் சொல்வது?

நீதான் வர வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக் கப்பலில் ஏறினால் இரண்டு மணிக்கு இங்கே இருக்கலாம். நான் துறைமுகத்தில் நிற்பேன். ஜாய்ஸ் உன்னை விசாரித்தாள். கண் நன்றாகத் தெரிகிறதாம். வேறொன்றும் கேட்கவில்லை.

வரும்போது சிவப்பு நூலும் ஊசியும் கொண்டு வா. வெண்டெல் துண்டை அவனே அவிழ்த்துக் கொடுத்தான் என்று உனக்கு எழுதியிருந்தேன். இல்லை. நான்தான் அவன் படகில் ஏறிப் பிடித்து இழுத்தேன். ஒரு ஓரம் முழுக்கக் கிழிந்திருக்கிறது.

உன் தம்பி
லைல்